நாலடி நடந்த வீடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திருகோணமலைத் துறைமுகத்தடியில், ஒரு வீடு எழுந்து நடந்ததை நான் கண்ணால் கண்டேன்.

பலகை வீடு. கூரைத் தகரங்களைக் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். மொட்டையாக நின்ற அந்த வீட்டின் அடியில் நாற்பது கால்களுக்குக் குறையாமல் தெரிந்தன. சாரத்தை மடித்துக் கட்டிய கால்கள், களிசான் போட்ட கால்கள், சேலையைத் தூக்கிச் செருகிய இரண்டு மூன்று சோடிக் கால்கள். வீட்டுக்குள்ளே, நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, வீட்டுக்காரி இருந்தார். அவருடைய மடியில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம். அது நிறையத் தண்ணீர்.

"கடல் பக்கம் பதியுது," என்று உள்ளேயிருந்து சொன்னார்.

கடல் பக்கத்துத் தோள்கள் ஒரு விரற்கடை உயர்ந்தன.

"இப்ப சரி. போங்கோ."

வீடு போனது. யன்னல் சீலை ஆடியது. சுவரில் கழற்ற மறந்த கலண்டர் ஆடியது. எதிர்ப்பக்கம் நின்று வாழைத்தோல் தின்றுகொண்டிருந்த இரண்டு மான்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கின. இந்த ஊர் மான்கள் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த வீட்டை நடக்க வைத்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

நான் எழுதிய சொல்

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பழைய உத்தியோகம் தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி: முப்பது வருடத்துக்கு மேல் ஒரு கந்தோரில் இருந்து காணிப் படங்கள் வரைந்தவன் நான். வெயிலில் நின்று நிலத்தை அளப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொண்டுவரும் எண்களை வைத்து, காற்றாடிக்குக் கீழே இருந்து, கோடு கீறுவது என் வேலை.

ஒருமுறை துறைமுகத்தடிப் படமொன்றில் கடலோரமாக ஒரு மெல்லிய கோடு வந்தது. அதன் இரு பக்கமும் சின்னச் சின்னப் பெட்டிகள். அவற்றுக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று மேலதிகாரியைக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னதை என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: தற்காலிகக் கொட்டில்கள்.

பாலையூற்றில் என் வீட்டிலிருந்து அந்த இடம் சைக்கிள் மிதிக்கும் தூரம். கந்தோர் யன்னலால் தினமும் அதன் தகரக் கூரைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் போனதில்லை. இளைப்பாறிய பிறகு இந்தக் கட்டுரைகளுக்காக நான் கந்தளாய், இறக்கக்கண்டி என்று திரிவதைப் பார்த்த என் மனைவி ஒருநாள் கேட்டார்: "ஊரெல்லாம் சுத்துறீங்கள். யன்னலால பாத்த இடத்துக்கு ஒருக்காவது போனனீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு எப்போதும் முதலில் கோபம்தான் வரும். அடுத்த நாள், வெள்ளிக்கிழமை காலை, சைக்கிளை எடுத்தேன்.

பலகை ஒழுங்கை

அங்கே உள்ளவர்கள் அந்தச் சின்னத் தெருவைப் பலகை ஒழுங்கை என்கிறார்கள். கப்பல் சரக்கு வைக்கிற கிட்டங்கியின் மதிலில் தொடங்கி, நேராக ஓடி, மூதூர் வள்ளங்கள் தெரிகிற கரையில் போய் முடிகிறது. ஒரு பக்கம் நிறைய வீடுகள். மற்றப் பக்கம், மேடு சரிந்து இறங்குகிற இடத்தில், இரண்டே வீடுகள்.

கப்பலில் சாமான் வந்த பெட்டிகளின் பலகை, சரக்கு உருளாமல் அடியில் போடுகிற கட்டை, உடைத்த வள்ளத்தின் விலாப் பலகை எல்லாம் வீடாகியிருந்தன. எனக்குத் தெரியாத மொழிகளில் எழுத்துக்கள் சுவர்களில் ஓடின. ஒரு கதவில், இந்தப் பக்கம் மேலே என்று காட்டுகிற அம்புக்குறி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில், கப்பலின் வட்டக் கண்ணாடி ஒன்று சமைக்கிற குசினிக்கு யன்னலாக இருந்தது. அதற்குள்ளால் ஒரு பூனை என்னை முறைத்துப் பார்த்தது.

கொட்டில் என்று நான் எழுதியது எவ்வளவு பெரிய அநியாயம் என்று பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. ஒவ்வொரு பலகையும் கீழ்ப் பலகையின் மேல் அரை விரல் ஏறி நின்றது, மழைத்தண்ணீர் உள்ளே திரும்பாமல் இருக்க. பலகைகளின் நுனிகள் எல்லாம் தார் குடித்திருந்தன. ஒரு ஆணி துருப்பிடித்து அழுததாக நான் காணவில்லை. கப்பலின் வயிற்றுக்குள் சரக்கு அடுக்கிப் பழகியவர்களின் கை அது. ஒரு சாமானை எப்படி வைத்தால் அசையாது என்று அவர்களுக்குத் தெரியும். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் ஒழுங்கையே இடம்பெயர்ந்து போனபோது, சில குடும்பங்கள் சுவர்ப் பலகைகளைக் கழற்றி, வெண்கட்டியால் இலக்கம் போட்டு, லொறியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கின்றன. திரும்பி வந்து அதே ஒழுங்கில் அடித்திருக்கின்றன. அந்த இலக்கங்களில் சில இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. மூன்றாவதும் நாலாவதும் மாறிப் போன ஒரு வீட்டை எனக்குக் காட்டினார்கள். அந்த வீட்டுக்காரர் அதைப் பற்றிக் கதைத்தால் எழும்பிப் போய்விடுவாராம்.

இடியப்பமும் ஒரு கல்லும்

மேட்டுப் பக்கத்து இரண்டு வீடுகளில் ஒன்று திலகத்தினுடையது. ஐம்பது வயதிருக்கும். கணவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், அவர் காலமாகிச் சில வருடங்களாகின்றன. வீட்டுக்கும் மேட்டுக்கும் இடையில் சரியாக நாலடி இடம். அந்த நாலடியில் தகரம் சாய்த்துத் திலகம் ஒரு குசினி வைத்திருந்தார். வள்ளங்கள் கட்டுகிற ஜெட்டியடித் தேத்தண்ணீர்க் கடைகளுக்குக் காலை இடியப்பம் அங்கிருந்துதான் போகிறது.

மற்ற வீடு அன்வர் நானாவுடையது. கிண்ணியாவில் பிறந்தவர். பாரந்தூக்கிக்குக் கீழே நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கை காட்டுகிற வேலை அவருக்கு. பேசும்போதும் அந்தக் கை சும்மா இருக்காது.

எதிர்ப்பக்க வீடுகளுக்கெல்லாம் காணிப் பெர்மிட் கிடைத்துவிட்டது. இந்த இரண்டு வீடுகளையும் பார்க்கச் செவ்வாய்க்கிழமை உத்தியோகத்தர் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. ஒழுங்கையின் எல்லைக் கோட்டுக்கு வெளியே வீடு நின்றால் பெர்மிட் இல்லை.

"ஐயா கந்தோரில இருந்தவராமே," என்றார் திலகம். "ஒருக்கா அளந்து சொல்லுவீங்களா? என்ட வீடு உள்ளுக்கோ வெளியிலயோ எண்டு தெரிஞ்சாப் போதும். நித்திரை இல்லை."

யாராவது என்னை அப்படிக் கேட்டு எத்தனை காலம். வீட்டுக்கு ஓடிப் போய் அளவு நாடாவையும் பழைய படத்தின் பிரதியையும் கொண்டுவந்தேன். அந்தப் பக்கத்துக்கு மூன்று எல்லைக் கற்கள். ஒன்று கிட்டங்கி மதிலடியில், முட்பற்றைக்குள். ஒன்று கரையில், வலைக் குவியலுக்குக் கீழே. நடுக்கல் அன்வர் நானாவின் வாசல்படிக்குப் பக்கத்தில், கழுவித் துடைத்தது போல் நின்றது.

ஆகக் குறைந்தது இரண்டு கற்களையாவது பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது. ஆனால் அப்போது மழை தூறியது. திலகம் சுடச்சுட இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார். நடுக்கல்லிலிருந்து நாடாவை இழுத்தேன், படத்தைப் பார்த்தேன், தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன்.

"நாலடி வெளியில நிக்குது."

திலகம் வீட்டைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்க் குசினியைப் பார்த்தார். பின்னுக்கு நாலடி தள்ளினால் வீடு மேட்டோடு போய் ஒட்டும், குசினி இல்லாமல் போகும். இது விளங்க எங்கள் யாருக்கும் நாடா தேவைப்படவில்லை.

"குசினி போனால் போகட்டும்," என்றார் திரும்பி வந்து. "வீடு நிக்கட்டும். நானா, ஞாயிறு ஏலுமா?"

"ஏலும்," என்றார் நானா, கையை மேலே காட்டி.

வேலி நகர்த்துவதைப் பற்றிப் பேசுவது போல அவர்கள் பேசினார்கள். நான்தான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

கிண்ணத்துத் தண்ணீர்

வெறும் வீட்டைத் தூக்கக்கூடாது என்பது ஒழுங்கையின் வழக்கம். வீட்டுக்காரர் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும், மடியில் தண்ணீர்க் கிண்ணத்தோடு. தண்ணீர் எந்தப் பக்கம் விளிம்புக்கு ஏறுகிறதோ அந்தப் பக்கம் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் அதைப் பார்த்துச் சொல்ல, வெளியே உள்ளவர்கள் தூக்க வேண்டும். வீடு இறங்கிய பிறகு அந்தத் தண்ணீரைக் கேத்தலில் ஊற்றி முதல் தேத்தண்ணீர் வைப்பார்கள்.

கந்தோரில் இதே வேலைக்கு ஒரு மட்டக் கருவி இருந்தது. அதைப் பித்தளைப் பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்திருப்போம், தொட வேண்டுமென்றால் கையொப்பம் வைக்க வேண்டும். இங்கே அதைச் சோற்றுக் கிண்ணத்தை வைத்துச் செய்கிறார்கள்.

அன்று காலை அன்வர் நானா முன்னால் நின்று கை காட்ட, அடிமரங்களுக்குக் கீழே குறுக்காகச் செருகிய உருளைக் கம்பங்களை இருபது பேர் தோளில் வாங்கினார்கள். கடற்றொழிலுக்குப் போய் விடியத் திரும்பியவர்கள், இரவு வேலை முடிந்து வந்தவர்கள், எதிர்வீட்டுப் பெண்கள். யாரும் கத்தவில்லை. நானாவின் கையையும் திலகத்தின் குரலையும் தவிர வேறு கட்டளை இல்லை. ஒரு ஆணி கூட முனகாமல் வீடு பின்னால் போய்ப் புதுக் கற்களின் மேல் இருந்தது.

என் வாழ்நாளில் நான் பார்த்த மிக அழகான காரியங்களில் அது ஒன்று. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

குசினித் தகரங்கள் ஒரு பக்கம் கிடந்தன. அடுப்புக் கற்களைத் திலகம் ஒரு சாக்கில் போட்டு வாயைக் கட்டி வைத்திருந்தார். அதை மட்டும் நான் பார்க்காதது போல இருந்தேன்.

கல்லும் வீட்டோடு

வெளியே மூன்று கல் வைத்துத் தேத்தண்ணீர் கொதித்தது. எல்லோரும் நிலத்தில் இருந்து குடித்தோம். என்னையும் ஒரு பெரிய மனிதராக மதித்து ஒரு கதிரை தந்திருந்தார்கள்.

"இது என்ன பாரம்," என்றார் அன்வர் நானா. "என்ட வீட்டத் தூக்கினமே மகள்ட கலியாணத்துக்கு, அதுதான் பாரம். பந்தல் போட முன்னுக்கு இடம் காணாதெண்டு பின்னுக்கு நாலடி எடுத்தம். வீட்ட விட அந்தக் கல்லுத்தான் பெரிய கரைச்சல் தந்தது."

"எந்தக் கல்லு?" என்று கேட்டேன்.

"அந்தா நிக்கிற கல்லுத்தான். வாசல்படிக் கல்லு."

குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"எல்லைக் கல்லையா தூக்கினனீங்கள்?"

"வீட்ட மட்டும் கொண்டு போயிட்டுக் கல்ல அங்க விட்டா, கல்லு யாருக்குக் காவல்?" என்றார் நானா. மிகச் சாதாரணமாகச் சொன்னார். வீடுகள் நடக்கிற ஒழுங்கையில், வாசலில் நிற்கிற கல் வீட்டின் சாமான். அதை விட்டுவிட்டுப் போவது அவர்களுக்கு மரியாதை இல்லாத வேலை. கழுவித் துடைத்தல்லவா வைத்திருந்தார்கள்.

கல் நாலடி பின்னால் போயிருந்தது. நான் நாலடி பிழையாகச் சொல்லியிருந்தேன். திலகத்தின் வீடு நின்ற இடம் சரியான இடம். அந்தக் குசினியை நான் ஒன்றுமில்லாததற்கு உடைக்க வைத்திருந்தேன்.

கதிரையை விட்டு எழும்பிக் கரைப் பக்கம் போனேன். மூதூர் வள்ளம் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. வீடு இப்போது எல்லைக்கு நன்றாக உள்ளே நிற்கிறது. செவ்வாய்க்கிழமை பெர்மிட் நிச்சயம். ஐயா வந்து அளந்து எங்களைக் காப்பாற்றினார் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லும். இடியப்பம் கூட வரும்.

இடியப்பம் எங்கிருந்து வரும் என்று அப்போதுதான் யோசித்தேன். வலைக் குவியலை இரண்டு கையாலும் இழுத்தேன். கீழே கரைக் கல், பாசி பிடித்து, அசையாமல் நின்றது.

கயிறு

திரும்பி வந்து சொன்னேன். சுற்றி வளைக்காமல், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். இரண்டு கல்லைப் பார்க்காமல் ஒரு கல்லைப் பார்த்தது என் பிழை, மழைக்கும் சொதிக்கும் ஆசைப்பட்டது என் பிழை.

"அப்ப பிழை என்ட கல்லிலதானே," என்று நானா குறுக்கே வந்தார். அவருடைய கை முதல் தடவையாகக் கீழே தொங்கியது.

"இல்லை நானா. கல்லைப் பற்றித் தெரிய வேண்டியவன் நான்."

தோள்களைத் தேய்த்துக்கொண்டிருந்த இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். யாராவது ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் ஏசவில்லை.

திலகம்தான் கேட்டார். "ஐயா, இப்ப வீடு நிக்கிற இடத்தில நிண்டால் பெர்மிட் உறுதி. திருப்பி முன்னுக்கு வைச்சு, உத்தியோகத்தர் வந்து வெளியில எண்டு சொன்னால் எனக்கு வீடும் இல்லை, குசினியும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒண்டு சொன்னனீங்கள். இண்டைக்கு வேற சொல்றீங்கள். நான் எதை நம்புறது?"

நியாயமான கேள்வி. "என்னை நம்ப வேண்டாம்," என்றேன். "ஒரு கயிறு தாங்கோ."

கப்பல் கயிறு கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் கத்தியோடு போய்க் கிட்டங்கி மதிலடிப் பற்றையை வெட்டினார்கள். கல் கிடைத்தது. அந்தக் கல்லிலிருந்து கரைக் கல் வரை கயிற்றை இழுத்துக் கட்டினோம். ஒழுங்கை முழுவதும் வந்து பார்த்தது.

நானாவின் கல்லுக்கு நாலடி முன்னால் கயிறு போனது. திலகத்தின் வீடு முன்பு நின்ற கற்களுக்கு ஒரு விரற்கடை முன்னால் போனது. ஒரே ஒரு விரற்கடை. வீட்டைக் கட்டியபோது திலகத்தின் கணவர் அந்த இடைவெளியை விட்டுத்தான் கட்டியிருக்கிறார்.

திலகம் கயிற்றின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார்.

"இண்டைக்கு இனித் திருப்பித் தூக்க ஒருத்தருக்கும் தோள் இல்லை. நாளைக்கு எல்லாருக்கும் வேலை," என்றார் ஒரு பெண் சலிப்போடு.

"ஆறு மணிக்குத் தூக்கினா ஏழு மணிக்குத் துறைமுகக் கேற்றடியில நிக்கலாம்," என்றார் அன்வர் நானா. கை மறுபடி மேலே போனது.

செவ்வாய்க்கிழமை நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வாசகர்கள் தவிக்க வேண்டாம். வந்தவர் ஒரு இளம் பெண் உத்தியோகத்தர். யாரும் சொல்லாமலே முதலில் கிட்டங்கிக் கல்லுக்குப் போனார், பிறகு கரைக் கல்லுக்குப் போனார். நடுக்கல்லின் கதையை நாங்கள் சொன்னபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு குறிப்பெழுதினார், அதைச் சரியான இடத்தில் தான் நாட்டுவிப்பதாகச் சொன்னார். இரண்டு வீடுகளும் உள்ளே என்றார். நானாவுக்கு முற்றம் நாலடி கூடியது. படத்தில் இப்போது என்ன எழுதுவீர்கள் என்று அவரைக் கேட்டேன். "வீடுகள்," என்றார், இதிலென்ன கேள்வி என்பது போல.

திங்கட்கிழமை காலை

ஆறு மணிக்கு நான் நேரத்தோடே போய்ச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்தடியில் நின்றேன். தோள் கொடுக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. முதுகு நோவைப் பற்றி மனைவி சொல்லியனுப்பிய எச்சரிக்கையை யாரிடமும் சொல்லவில்லை.

திலகம் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கையில் வெள்ளைக் கிண்ணம் இருந்தது, விளிம்பு வரை தண்ணீர்.

"நீங்கள் உள்ளுக்குப் போங்கோ," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இண்டைக்கு நான் தூக்கிறன். இதை நீங்கள் பிடியுங்கோ."

"வீட்டுக்காரர்தானே உள்ளுக்கு இருக்கவேணும்?"

"அளவு சொல்லத் தெரிஞ்ச ஆள் இருக்கவேணும்," என்றார். கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, நான் நின்ற இடத்தில் போய்த் தோளைக் கொடுத்தார்.

உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். மேலே கூரை இல்லை, வெறும் வானம். நானாவின் கை எழும்புவது யன்னலால் தெரிந்தது. நிலம் என் காலடியிலிருந்து விடுபட்டது. முப்பது வருடம் பென்சிலால் அளவு எழுதியவன், அன்றைக்குத்தான் ஒரு அளவை உயிரோடு கையில் பிடித்திருந்தேன்.

"மேட்டுப் பக்கம் பதியுது," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாகச் சொன்னேன்.

மேட்டுப் பக்கம் உயர்ந்தது. இருபது பேர் என் ஒரு சொல்லுக்கு உயர்த்தினார்கள், ஒரு நாளைக்கு முன் நான் வீணாகச் சுமக்க வைத்த அதே இருபது பேர்.

"இப்ப சரி. போங்கோ."

வீடு முன்னால் நடந்தது, பழைய கற்களைத் தேடிப் போய், அவற்றின் மேல் மெல்ல இருந்தது. நானாவின் கை விரிந்து நின்றது. தோள்கள் விலகின. நான் கிண்ணத்தைப் பார்த்தேன். பாதித் தண்ணீர் இல்லை. என் சாரமும் மடியும் நனைந்து, காலால் ஒழுகிப் பலகை இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

மனம் உடைந்து போனது. இதையும் பிழை விட்டுவிட்டேனா?

திலகம் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், என் சாரத்தைப் பார்த்தார். தரையில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகை ஓடுகிற திசையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"வீடு நேராத்தான் வந்திருக்கு அண்ணை," என்றார். "நடுங்கினது நீங்கள்."

மிஞ்சிய தண்ணீரைக் கேத்தலில் ஊற்றிக்கொண்டு, அடுப்புக் கற்கள் இருந்த சாக்கின் கட்டை அவிழ்க்கப் பின்பக்கம் போனார்.